சங்கமத்தைப் பார்த்தோம், கோட்டையை விட்டுவிட்டோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பயணப் பக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பென் ஹில்ஸ் பகுதியில் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் வேங்கடேசப் பெருமாள் கோவிலையும், நகரின் நடுவே அலகெனி, மொனங்ககேலா என்னும் இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகும் முனையையும், அம்முனையில் உயரப் பீறிடும் நீரூற்றோடு விரிந்து கிடக்கும் ‘பாயிண்ட்’ மாநிலப் பூங்காவையும் கட்டுரையாளர் மனம் ஒன்றி எழுதியிருக்கிறார். கோவிலுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் மாலையில் பூங்காவுக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது வழக்கம் என்பதால் இக்கட்டுரை பலருக்கும் பயன்படும். ஆயினும், அந்த நிலத்தில் ஒரு காலத்தில் ராணுவக் கோட்டை இருந்தது என்ற செய்தி, காலப்போக்கில் அழிந்துபோன பழைய கோட்டை ஒன்றின் இடத்தில் இந்தப் பூங்கா அமைந்துள்ளது என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற விஷயம் அது அன்று என்பதே இக்கடிதத்தை எழுதக் காரணம். கோட்டை காலப்போக்கில் அழியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் கட்டியதைத் தாங்களே கொளுத்தினார்கள், அதன் பின் ஆங்கிலேயர் தாங்கள் கட்டியதைத் தாங்களே விற்றார்கள். மிச்சமிருந்ததைக் காப்பாற்றுவதற்கு ஒரு பெண்கள் அமைப்பு ரயில்வே நிறுவனம் ஒன்றோடு வழக்காட வேண்டியிருந்தது.

முதலில் சங்கமம் பற்றி ஒரு சிறு திருத்தம். கண்ணுக்குத் தெரியும் இரு நதிகளோடு பூமிக்கடியில் மூன்றாவது நதி ஒன்று ஓடி, நீரூற்றின் வழியே மேலே வருகிறது என்றும், ஆகவே இது அமெரிக்காவின் திரிவேணி என்றும் கட்டுரை கூறுகிறது. கோவில் தொடர்பான எழுத்துகளில் பல ஆண்டுகளாகவே இக்கருத்து இடம்பெற்று வருகிறது. பிரயாகையையும் மறைந்தோடும் சரஸ்வதியையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அழகிய ஒப்புமை அது, அதில் எனக்குப் பிணக்கு ஏதும் இல்லை. உள்ளூர்க்காரர்களும் அதைப் பேச்சுவழக்கில் நதி என்றுதான் சொல்கிறார்கள். ஒஹையோவையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வதால் அவர்களுக்கு அது நான்காவது நதி. ஆனால் நிலவியலின்படி அது ஓடும் ஆறு இல்லை. பனியுகத்தில் வடக்கேயிருந்த பனிப்பாளங்கள் உருகி வந்த வெள்ளம் பழைய பள்ளத்தாக்கில் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் தடித்த படுகையாகக் கிடக்கின்றன. அந்தப் படுகையில் ஊறி நிற்கும் நிலத்தடி நீரைத்தான் ஏறத்தாழ 50 அடி ஆழத்திலிருந்து மின்னிறைப்பான்கள் மேலே இழுத்து 150 அடி உயரத்துக்குப் பீய்ச்சுகின்றன. அந்த நீரைப் புனிதமாகக் கருதுவது அவரவர் பக்தி. கண்ணில் படாத நீரை இவ்வளவு ஈடுபாட்டோடு தேடிச் சொன்ன கட்டுரை, கண்ணெதிரே புல்வெளியில் கல்லால் வரைந்து வைத்திருக்கும் கோட்டையைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வியப்பு.

இரண்டு ஆறுகள் கூடுமிடம் பக்தருக்குத் தீர்த்தம் என்றால், படைத்தலைவருக்கு அது சுங்கச்சாவடி. 1753ஆம் ஆண்டின் இறுதியில், வர்ஜீனியாவின் ஆளுநர் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தை ஈரி ஏரிப் பக்கம் இருந்த பிரெஞ்சுப் படைத்தலைவரிடம் கொண்டுசென்ற 21 வயது ஜார்ஜ் வாஷிங்டன், வழியில் இந்த முனையில் நின்று பார்த்துத் தன் நாட்குறிப்பில் குறித்து வைத்தார். நிலம் நீர்மட்டத்திலிருந்து 20, 25 அடி உயர்ந்து சமதளமாக இருக்கிறது, அலகெனி வேகமாக ஓடுகிறது, மொனங்ககேலா ஆழமாகவும் அசைவே தெரியாதபடியும் கிடக்கிறது, இரண்டு ஆறுகளையும் முழுமையாகக் கட்டுப்படுத்தக்கூடிய இவ்விடம் கோட்டைக்கு மிகவும் பொருத்தமானது என்பது அவருடைய முடிவு. திரும்பும் வழியில் தெப்பத்திலிருந்து அதே அலகெனியின் பனிக்கட்டி மிதக்கும் நீரில் விழுந்து உயிர் தப்பினார் என்பது தனிக்கதை. அவர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள நிலப்படம் ஒன்று போதும். கனடாவிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஈரி ஏரியிலிருந்து சிறிது தூரம் படகுகளைச் சுமந்துவந்து அலகெனியில் இறக்கிவிட்டால், அங்கிருந்து ஒஹையோ, மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு அருகிலிருந்த தங்கள் நியூ ஓர்லியன்ஸ் வரை நீர்வழியாகவே போய்ச் சேரலாம். கிழக்குக் கடற்கரையிலிருந்த ஆங்கிலக் குடியேற்றங்கள் மலைத்தொடரைத் தாண்டி மேற்கே வந்தால் அவர்களும் இதே முனைக்குத்தான் வந்து சேர வேண்டும். இத்தனைக்கும் நிலம் இவ்விருவருடையதும் இல்லை. லெனாப்பே, ஷானி, செனகா ஆகிய பழங்குடி மக்கள் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தார்கள். லெனாப்பே ஊர் ஒன்று முனைக்கு அருகிலேயே அலகெனிக் கரையில் இருந்தது.

1754இன் தொடக்கத்தில் வர்ஜீனியர்கள் மரத்தால் ஒரு சிறு அரணைக் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியுமுன்பே, ஏப்ரல் மாதத்தில், படகுகளில் பெரும்படையோடு வந்திறங்கிய பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குண்டும் சுடாமல் அதைக் கைப்பற்றி, முனையின் நுனியில் டுகேன் கோட்டையை எழுப்பினார்கள். அடுத்த மாதமே, அங்கிருந்து சற்றுத் தெற்கே காட்டுக்குள் வாஷிங்டனின் சிறு படை ஒரு பிரெஞ்சுக் குழுவைச் சுட்டு வீழ்த்தியது. அந்தச் சிறு மோதலே பின்னர் கண்டங்கள் தோறும் பரவிய ஏழாண்டுப் போருக்குப் பொறியாக அமைந்தது. 1755 ஜூலையில் கோட்டையைப் பிடிக்க வந்த பிராடக்கின் ஆங்கிலப் படை மொனங்ககேலாவைக் கடந்த சிறிது நேரத்தில் முறியடிக்கப்பட்டது. படையில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ போயினர். 1758 நவம்பரில் ஜான் ஃபோர்ப்ஸின் ஆங்கிலப் படை நெருங்கியபோது, பழங்குடி நட்பு நாடுகள் விலகிக்கொண்டுவிட்ட நிலையில், பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே கோட்டையைத் தகர்த்துக் கொளுத்திவிட்டு வெளியேறினார்கள். சாம்பல்மேட்டைக் கைப்பற்றிய ஃபோர்ப்ஸ், தம் நாட்டுப் போரை நடத்திவந்த அமைச்சர் வில்லியம் பிட்டின் பெயரை அந்த இடத்துக்குச் சூட்டினார்.

இங்கே தமிழ் வாசகர் சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன், கட்டுரையாளருக்குத் தோன்றாமல் போனதும் இதுவே. பிட்ஸ்பர்க் பிறந்த அந்த நவம்பருக்கு அடுத்த மாதத்தில்தான், 1758 டிசம்பரில், லாலியின் பிரெஞ்சுப் படை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. 1759 பிப்ரவரியில் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கியது. அமெரிக்க முனையில் ஆங்கிலேயர் புதிய பிட் கோட்டைக்கு மண்சுவர் எழுப்பிக்கொண்டிருந்த 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர் நடந்தது. அக்கோட்டை முடிவடைந்த 1761இல் புதுச்சேரி வீழ்ந்து, அதன் அரண்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. இவை எங்கோ ஒரு தேசத்துக் கதையும் நம் ஊர்க் கதையும் அல்ல. ஒரே போரின் இரண்டு களங்கள், அவற்றை லண்டனிலிருந்து நடத்தியவரும் ஒரே அமைச்சர். அவருடைய பாட்டனார் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர், 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கானின் முற்றுகையைச் சமாளித்தவர். கோல்கொண்டாச் சுரங்கத்து வைரம் ஒன்றைச் சென்னையில் வாங்கிப் பின்னர் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவரும் அவரே. அந்தச் செல்வமும் அது வாங்கித் தந்த அரசியல் செல்வாக்கும் பேரனின் எழுச்சிக்கு அடித்தளமாக அமைந்தன. அமெரிக்க எஃகு நகரத்தின் பெயருக்குள் சென்னைக் கோட்டையின் ஓர் ஆளுநர் ஒளிந்திருப்பது, நிலத்தடி நதியைக் காட்டிலும் நமக்கு நெருக்கமான செய்தி இல்லையா?

இனி, பூங்காவைப் பற்றி எழுதும் எவரும் விடக்கூடாது என்று நான் கருதும் ஒன்று. போர் முடிந்ததும் ஆங்கிலப் படை மலைத்தொடருக்கு அப்பால் திரும்பிவிடும் என்று பழங்குடி மக்கள் நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். 1758இல் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களைக் கைவிட்டதற்கு அந்த நம்பிக்கை முக்கியக் காரணம். படை திரும்பவில்லை. பிரெஞ்சுக் கோட்டையைப் போலப் பல மடங்கு பெரிதாக, ஐந்து கொத்தளங்களோடு, நிலத்தை நோக்கிய பக்கங்களில் செங்கல் சுவரோடு பிட் கோட்டை எழுந்தது. வெடிமருந்து விற்பனையும், உறவைப் பேணும் முறையாக ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வந்த பரிசுகளும் தளபதி ஆம்ஹெர்ஸ்டின் உத்தரவால் குறைக்கப்பட்டன. 1763இல் மேற்கெங்கும் எழுச்சி மூண்டு, கோட்டை முற்றுகைக்கு உள்ளானது. நூற்றுக்கணக்கான குடியேறிகள் உள்ளே அடைந்து கிடந்த கோட்டைக்குள் பெரியம்மையும் பரவியிருந்தது.

ஜூன் 24ஆம் நாள் லெனாப்பே தூதர்கள் இருவர் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். அவர்களுக்கு உணவுப்பொருள்களோடு அம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளும் ஒரு கைக்குட்டையும் கொடுத்து அனுப்பப்பட்டன. விரும்பிய விளைவு உண்டாகும் என்று நம்புவதாகக் கோட்டைக்குள் இருந்த வணிகர் வில்லியம் டிரெண்ட் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இது பின்னாளில் எவரோ கட்டிவிட்ட கதை என்று சொல்ல வழியில்லாதபடி இன்னொரு சான்றும் இருக்கிறது: பழங்குடிகளுக்கு அம்மையைக் கொண்டுசேர்ப்பதற்காக மருத்துவமனை ஆட்களிடமிருந்து எடுத்த போர்வைகளுக்கும் கைக்குட்டைகளுக்கும் ஈடு செய்யும் பொருட்டு என்று காரணம் காட்டி, அவற்றின் விலையை ராணுவத்திடம் கேட்ட பட்டியல். கோட்டைத் தலைவர் எக்குயே அதற்குச் சான்றளித்தார், மேலிடமும் ஏற்றுக்கொண்டது. ஆம்ஹெர்ஸ்டும் கர்னல் பூக்கேயும் இதே யோசனையைக் கடிதங்களில் பரிமாறிக்கொண்டது அதற்குப் பின்னர், ஜூலையில். அதாவது மேலிருந்து உத்தரவு வருமுன்பே கீழே காரியம் நடந்துவிட்டது. அந்தப் போர்வைகளால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அம்மை ஏற்கெனவே அப்பகுதி மக்களிடையே பரவியிருந்தது, பழைய துணியிலிருந்து தொற்றுவது அத்தனை எளிதும் இல்லை, வந்த தூதர்களில் ஒருவர் ஒரு மாதம் கழித்து மறுபடியும் பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கிறார். வரலாற்றறிஞர்கள் விளைவைப் பற்றித்தான் வாதிடுகிறார்கள்; நோக்கத்தைப் பற்றி வாதிட இடமே இல்லை, ஏனென்றால் அதற்குக் கணக்கு எழுதிப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். குழந்தைகள் தண்ணீரில் கால் நனைத்து விளையாடும் ஓரிடத்தைப் பற்றிய பயணக் கட்டுரையில் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அம்மை கண்ட வீட்டின் துணியை எவரும் தொடாத வழக்கத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இந்தச் செயலின் பொருள் விளங்குவதுபோல வேறு எவருக்கும் விளங்காது என்பதே என் பதில்.

அதே கோட்டையில் 1778 செப்டம்பரில், புதிதாகப் பிறந்த அமெரிக்க நாடு பழங்குடி இனம் ஒன்றோடு தன் முதல் எழுத்து உடன்படிக்கையைச் செய்துகொண்டது. லெனாப்பே மக்கள் விரும்பினால், மற்ற நட்பு இனங்களையும் சேர்த்துக்கொண்டு தனி மாநிலமாக அமைந்து காங்கிரஸில் பிரதிநிதித்துவம் பெறலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. அது நடக்கவே இல்லை.

கோட்டையின் முடிவு அதன் தொடக்கத்தைப் போன்று வீரம் சொரியவில்லை. வெள்ளம் இருமுறை சுவர்களைக் கரைத்தது. பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல் 1772இல் ஆங்கில ராணுவம் கோட்டையைக் கைவிட்டு, செங்கல்லையும் மரத்தையும் விற்றுவிட்டுப் போனது. அமெரிக்க விடுதலைப் போரின்போது மீண்டும் படை வந்து தங்கியது, 1790களில் அதுவும் போய்விட்டது. பிறகு ஊரார் செங்கற்களை எடுத்துத் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த முனை கிடங்குகளாலும் தொழிற்கூடங்களாலும் ஐரிஷ் குடியேறிகளின் நெருக்கமான குடியிருப்புகளாலும் ரயில்வே சரக்கு முற்றங்களாலும் நிறைந்து, ஆறு எந்தப் பக்கம் என்றே தெரியாத இடமாயிற்று. கோட்டையில் எஞ்சியது ஒன்றே ஒன்று: 1764இல் பூக்கே கட்டிய சிறு காவல் அரண். கல் அடித்தளமும் செங்கல் சுவரும் துப்பாக்கி நீட்டுவதற்குத் துளையிட்ட மரச்சட்டங்களும் கொண்ட அக்கட்டடம், யாரோ அதை வீடாக்கிக் குடியிருந்த காரணத்தால்தான் பிழைத்தது என்பது விநோதம். மேற்குப் பென்சில்வேனியாவின் மிகப் பழைய கட்டடம் இன்று அதுவே. நில உரிமையாளர் மேரி ஷென்லி 1894இல் அதை அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்ற பெண்கள் அமைப்பிடம் ஒப்படைத்தார். சுற்றியிருந்த நிலமெல்லாம் ரயில்வேயின் கைக்குப் போனபோது, அரணை இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்று வந்த யோசனையை அப்பெண்கள் ஏற்கவில்லை. இடத்தை விட்டுப் பெயர்த்த கோட்டை கோட்டையாகாது என்பது அவர்கள் வாதம். வாக்குரிமையே இல்லாத பெண்கள், அந்நகரின் பெருஞ்செல்வர்களை எதிர்த்து நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நின்று வென்றார்கள். பூங்காவைப் பற்றிய எழுத்துகளில் மேயர்களும் வங்கியாளர்களும்தான் எப்போதும் முன்வரிசையில் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் நன்றி இவர்களுக்கே உரியது.

பூங்கா உருவானதற்கு 1936 மார்ச் மாதப் பெருவெள்ளமும் ஒரு காரணம். அபாய அளவு 25 அடியாக இருந்த இடத்தில் நீர் 46 அடி வரை ஏறி நகரத்தின் வணிகப் பகுதியையே மூழ்கடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேயர் டேவிட் லாரன்ஸ், வங்கியாளர் ரிச்சர்ட் கிங் மெலன் ஆகியோர் எதிரெதிர்க் கட்சிக்காரர்களாக இருந்தும் கைகோத்து நகரத்தின் புகையையும் வெள்ளத்தையும் அடக்க முனைந்தபோது, பாழடைந்த முனையைப் பூங்காவாக்குவதும் அத்திட்டத்தில் சேர்ந்தது. 1945இல் மாநில அரசு அதை அறிவித்தது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் 1947இல் இம்முனைக்காக வரைந்த திட்டம், பாட்டரங்கும் விளையாட்டரங்கும் கார்கள் சுற்றி ஏறும் சாய்தளங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு பிரம்மாண்ட வட்டக் கட்டடம். அது கட்டப்பட்டிருந்தால் இன்று நாம் சங்கமத்தைப் பார்ப்பதற்கு ஜன்னலைத் தேட வேண்டியிருக்கும். அதை நிராகரித்தவர்கள் நல்லதே செய்தார்கள். 1950இல் இடிப்பு தொடங்கியது. முனையில் இருந்த இரண்டு பழைய பாலங்களை அகற்றிப் புதியவற்றை உள்ளே தள்ளிக் கட்டி, இறுதியில் நீரூற்று திறக்கப்பட்டபோது ஆண்டு 1974. வெறும் 36 ஏக்கர் பூங்காவுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள்.

இத்தனை ஆண்டுகளில் கோட்டையை மறுபடியும் முழுமையாகக் கட்டலாம் என்ற யோசனையும் எழாமல் இல்லை. ஆனால் இரு பாலங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்குக் கோட்டையின் இடமே தேவைப்பட்டது. பிட் கோட்டையின் பெரும்பகுதி இன்று அந்தச் சாலைக்கு அடியிலும் அதைச் சுற்றிலும் கிடக்கிறது. வடிவமைத்த கிரிஸ்வோல்டும் ஸ்டாட்ஸும் இந்தக் கட்டாயத்துக்குள் எடுத்த முடிவு நிதானமானது. இல்லாத சுவரை இருப்பதாகப் பாவனை செய்து நாடகக் கொட்டகை போல எழுப்பாமல், டுகேன் கோட்டையின் வடிவத்தைப் புல்லின் நடுவே கற்களால் கோடிட்டுக் காட்டினார்கள். பிட் கோட்டையின் ஒரு கொத்தளத்தை மறுபடியும் கட்டி அதனுள் அருங்காட்சியகத்தை வைத்தார்கள். அது 1969இல் திறக்கப்பட்டது. தாழ்ந்த வளைவாக அமைந்த சாலைப் பாலத்துக்கு அடியில் நடந்து வெளியே வந்ததும் புல்வெளியும் இரு ஆறுகளும் ஒருசேரக் கண்ணில் விரியும்படி அவர்கள் வகுத்த பாதையை, நெடுஞ்சாலை என்ற இடையூறையே வாசலாக மாற்றிய கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன்.

எனக்கு உடன்பாடு இல்லாதது 2007ஆம் ஆண்டளவில் நடந்தது. நகரப் பக்கத்துப் புல்வெளியில் இன்னொரு கொத்தளத்தின் சுவரும் அகழியும் அகழ்ந்தெடுக்கப்பட்டு, தாழ்ந்த பள்ளமாகப் பார்வைக்கு இருந்தன. பூங்காவைப் புதுப்பித்தபோது, விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் சமதளம் வேண்டும் என்று அதை மண்ணிட்டு மூடி, மேலே வடிவத்தை மட்டும் குறித்துவிட்டார்கள். தொல்சின்னப் பாதுகாப்பு ஆர்வலர்கள் எதிர்த்தும் பயன் இல்லை. மண்ணுக்கடியில் இருப்பதே பழைய செங்கல்லுக்குப் பாதுகாப்பு என்பது தொல்லியலில் ஏற்கப்பட்ட கொள்கைதான், அதை மறுக்கவில்லை; மழையிலும் பனியிலும் திறந்து கிடந்த சுவர் சிதைந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் சுவரைக் காப்பது ஒரு நோக்கம், மேடை போட இடம் தேடுவது வேறொரு நோக்கம். பின்னதற்காகச் செய்ததை முன்னதன் பெயரால் நியாயப்படுத்துவது சரியாகாது. அகழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தவருக்கு, இது ஒரு சுவர், இதற்கு வெளியே நின்றவர்கள் எதிரிகளாகக் கருதப்பட்டார்கள் என்பது ஒரு நொடியில் புரிந்துவிடும். புல்லின்மேல் குறித்த கோடுகளைத் தாண்டிச் செல்பவருக்கு அப்படிப் புரியாது. தங்கள் கட்டுரையாளருக்குப் புரியவில்லை என்பதே அதற்குச் சான்று. அவரைக் குறை சொல்வதைவிட, கோட்டையைக் கண்ணிலிருந்து மறைத்து நீரூற்றை மட்டும் உயரத் தூக்கி வைத்த ஏற்பாட்டைக் குறை சொல்வதே முறை என்று தோன்றுகிறது.

இரு ஆறுகளின் நீர்மட்டமும் இன்று தடுப்பணைகளால் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. வாஷிங்டன் பார்த்த வேகமும் நிதானமும் முழுமையாக இப்போது தெரிவதில்லை. ஆகவே நீரைப் பார்த்து அந்தக் காலத்தை ஊகிக்க இயலாது, நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். கோவிலிலிருந்து பூங்காவுக்குச் செல்லும் நம்மவர்கள் நேரே நீரூற்றுக்குப் போகாமல், நகரப் பக்கத்திலிருந்து நுழைந்து, முதலில் பூக்கேயின் அரணுக்குள் சென்று அந்த மரச்சட்டங்களின் துளைகளைப் பார்த்து, பிறகு அருங்காட்சியகத்தில் முற்றுகைக் காலத்தைப் பற்றிய பகுதியைப் படித்து, அதன் பின்னர் புல்வெளியில் டுகேன் கோட்டையின் கல்வரிசையைச் சுற்றி வந்தால், முனையை அடையும்போது எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்கும். பூங்காவுக்கும் அரணுக்கும் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு மட்டும் உண்டு. அரண் மிகச் சிறியது. அதைப் பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது.

பயணப் பக்கத்துக்கு இடம் குறைவு என்பதை அறிவேன். கட்டுரையின் தொடர்ச்சியோ திருத்தமோ வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருந்தால், நிலத்தடி நீர் பற்றிய குறிப்பைச் சரிசெய்வதோடு, 1763 ஜூன் மாதச் செய்தியையும், வந்தவாசியும் பிட்ஸ்பர்க்கும் ஒரே போரின் களங்கள் என்பதையும் ஒரு பத்தியிலாவது சேர்க்க வேண்டுகிறேன். இடம் போதவில்லை என்றால், படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். நீரூற்றின் படமே மூன்று வந்திருந்தது, காவல் அரணின் படம் ஒன்றுகூட இல்லை.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்